ஏழு விநாடி

தோழர்களே, திறந்த உரிமம் பற்றிப் பேசச் சொன்னீர்கள். நான் கிரெகரி கோல்மனிடமிருந்து தொடங்குகிறேன். அமெரிக்கக் கறுப்பர், டிரம் அடிக்கிறவர். 1969இல் வின்ஸ்டன்ஸ் குழுவின் 'ஆமென், பிரதர்' இசைத்தட்டில் தனியா அடிச்சார். மொத்தம் ஏழு விநாடி. எண்பதுகளில் ஹிப்ஹாப்காரங்க அதை வெட்டி எடுத்தாங்க. பிறகு இங்கிலாந்தில் ஜங்கிள் என்கிற இசையே அந்த ஏழு விநாடி மேல எழுந்து நின்னுச்சு. ஆயிரக்கணக்கான பாட்டு! கோல்மனுக்கு ஒரு பைசா வரலை. 2006இல் வீடில்லாமல் செத்தார். பாட்டின் உரிமை குழுத்தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சரிடம் இருந்தது. அவருக்கும் 2015இல் ரசிகர்கள் வசூலித்துக் கொடுத்த 24,000 பவுண்டுதான்.

'திறந்த உரிமம் அப்பவே இருந்தா இப்படி நடந்திருக்காது'ன்னு சில நண்பர்கள் சொல்றாங்க. எனக்கு அப்படித் தோணலை.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002இல் வந்தன. சாம்பிள் எடுப்பதற்கென்றே தனி உரிமமும் போட்டாங்க. பிரேசிலின் பண்பாட்டு அமைச்சராயிருந்த பாடகர் ஜில்பர்ட்டோ ஜில் 2004இல் தன் பாட்டையே அதில் விட்டார். (நம்ம அமைச்சர்களை நினைச்சுப் பார்க்காதீங்க.) அந்தத் தனி உரிமம் பிறகு கைவிடப்பட்டது. இன்று இருப்பவற்றில் ஒன்று, பேர் சொல்லிட்டு எடுத்துக்கோ என்கிறது. ஒன்று, நீ செய்ததையும் இதே உரிமத்தில் விடு என்கிறது. ஒன்று, காசுக்கு விற்காதே என்கிறது. 'மாற்றாதே' என்றிருந்தால் துண்டெடுத்துச் செய்த பாட்டை வெளியிடவே முடியாது.

ஆனால் உரிமம் தருகிறவர் தன் கையில் இருப்பதைத்தான் தர முடியும். பாட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு வேறோர் உரிமை. கோல்மனின் துண்டை எவரோ இணையத்தில் ஏற்றி 'இலவசம்' என்று எழுதிவிட்டால் அது இலவசம் ஆகிவிடாது. உரிமைக்காரரே திறந்துவிட்டிருந்தாலும் அவர் சொல்கிற பேர்தான் வந்திருக்கும். அடிச்ச கைக்கு என்ன?

இங்கே 1994 சட்டத் திருத்தம் நிகழ்த்துகிறவருக்கென்று தனி உரிமை தந்தது. 2012 திருத்தம், என் பேரைப் போடு என்று கேட்கும் உரிமையும் தந்தது. மைக் பிடித்து நிற்கிற மாணவத் தோழர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். பறையைப் பதிவு செய்து இணையத்தில் விடும் முன்னால் அடிச்சவரிடம் இந்த உரிமங்களை வாசித்துக் காட்டுங்கள். ஒருமுறை விட்டால் திரும்பப் பெற முடியாது என்பதையும் சொல்லுங்கள். அவர் வேண்டாம்னா விட்டுடுங்க. சம்மதித்தால், பேர் எழுதும் இடத்தில் 'நாட்டுப்புற இசை' என்று போடாதீர்கள். அஞ்சு பேர் அடிச்சா அஞ்சு பேர் பேரும் வரணும்.