குப்பாவின் கீழே யார்?
(ஆண்டுப் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



நமது பள்ளிவாசலின் நான்கு மூலைகளிலும் நான்கு சிறு குப்பாக்கள் எழுப்ப வேண்டும் என்னும் தீர்மானம் இன்று பொதுக்குழுவின் முன் வைக்கப்பட்டுள்ளது. பழைய கல் மண்டபத்தின் கூரை அச்சுமையைத் தாங்காது என்பதால், மண்டபத்தையே இடித்துக் கட்டலாம் என்று சகோதரர்கள் சிலர் கூறுகின்றனர். முடிவெடுக்கும் முன் 'குப்பா' என்னும் சொல்லைப் பற்றிச் சற்றுப் பேச அனுமதி கோருகிறோம்.

குப்பா அரபுச் சொல். இன்று வட்டக் கூரையைக் குறிக்கும் இச்சொல் அன்று கூடாரத்தையும் குறித்தது. மக்காவின் அப்தஹ் வெளியில் பெருமானார் (ஸல்) அவர்களைச் செந்நிறத் தோலால் ஆன குப்பாவில் கண்டதாக அபூ ஜுஹைஃபா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. வெயிலுக்கு ஒதுங்கும் நிழல்; அவ்வளவே. அல்குப்பா என்பது ஸ்பெயின் சென்று 'அல்கோபா' ஆகிப் படுக்கையறைக்குப் பெயராயிற்று. ஆங்கிலத்தின் 'அல்கோவ்' அதன் வழி வந்தது. சிறு குப்பாவை ஐரோப்பியர் 'குபோலா' என்பர். ஒலி ஒத்திருந்தாலும் அது வேறு வழியில் வந்த சொல். லத்தீனில் சிறு பீப்பாய் என்பது அதன் பொருள். நம் தமிழின் 'கும்மட்டம்' பாரசீகத்தின் 'கும்பத்' தந்தது.

மஸ்ஜிதுந் நபவியோ ஈச்சமரத் தண்டுகளின் மேல் மட்டை வேய்ந்த பள்ளியாக இருந்தது. மழையில் அது ஒழுகியதையும், ஈர மண்ணிலேயே ஸஜ்தா செய்யப்பட்டதையும் ஹதீஸ்கள் கூறுகின்றன. ரவ்ளா ஷரீஃபின் மீது மரத்தால் முதல் குப்பா எழுந்தது மம்லூக் சுல்தான் கலாவூன் காலத்தில், கி.பி. 1279-இல். அதற்குப் பச்சை வண்ணம் பூசப்பட்டது 1837-இல்தான். பச்சைக் குப்பாவைப் படத்தில் பார்த்து வளர்ந்த நமக்கு, மதரஸாவில் ஓதிய நாளில் இது வியப்பாகவே இருந்தது.

குப்பா முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதுமன்று. கான்ஸ்டாண்டிநோபிளின் ஆயா சோஃபியா 537-இல் கிறிஸ்தவ ஆலயமாகக் கட்டி முடிக்கப்பட்டது. சென்னை உயர்நீதிமன்றத்தின் கும்மட்டங்களை 1892-இல் எழுப்பியது ஆங்கில அரசு. அதைப் பார்த்து யாரும் தொழ நுழைவதில்லை!

சிறு குப்பாக்களின் பயன் அறிய வங்காளதேசத்தின் பாகர்ஹாட் பள்ளியைப் பாருங்கள். கான் ஜஹான் அவர்கள் 15-ஆம் நூற்றாண்டில் கட்டியது. பெயரோ அறுபது கும்மட்டப் பள்ளி. ஆனால் அறுபது என்பது உள்ளே நிற்கும் கல் தூண்களின் எண்ணிக்கை. கூரையில் உள்ளவை 77. அத்தனை அகன்ற கூடத்தைச் செங்கல்லால் ஒரே வீச்சில் மூட இயலாது. ஆகவே தூணுக்குத் தூண் வளைவு கட்டி, இடத்தைச் சிறு சதுரங்களாகப் பிரித்து, சதுரத்திற்கு ஒன்றாகக் கவித்தனர். சுமை பகிர்ந்து தூண்களில் இறங்கிற்று. ஒவ்வொன்றின் கீழும் தொழுகையாளி நிற்கிறார். துருக்கியின் புர்ஸா பெரிய பள்ளியிலும் அவ்வாறே 20 குப்பாக்கள். நடுவிலுள்ள ஒன்றை மட்டும் வானம் தெரியத் திறந்து விட்டு, அதன் கீழே நீர்த்தடாகம் அமைத்தனர். இப்போது அதற்குக் கண்ணாடி மூடியிருக்கிறார்கள்.

நம் முன்னோர் வழி வேறு. கீழக்கரைப் பழைய ஜும்ஆப் பள்ளியைப் போலத் தமிழகக் கற்றச்சரைக் கொண்டே தூண் நிறுத்தினர். தூணின் மேல் உத்திரம், உத்திரத்தின் மேல் கற்பலகை. அக்கூரை குப்பாவைக் கேட்கவில்லை. நமது மண்டபமும் அந்த முறையிலானதே.

வரைபடத்தில் உள்ள நான்கு குப்பாக்களின் கீழே என்ன இருக்கிறது? மூடிய கான்கிரீட் தளம். காற்றும் வராது, வெளிச்சமும் வராது, ஒருவரும் நிற்கப்போவதில்லை. ஒளூச் செய்யும் ஹவ்ளின் மேலோ இன்றும் தகரக் கூரை. லுஹர் நேரத்தில் முதியவர்கள் அங்கே படும் பாட்டை நாம் தினமும் காண்கிறோம். குப்பா வேண்டும் என்பது ஜமாஅத்தின் விருப்பமானால், மண்டபத்திலிருந்து விலகி நிற்கும் அந்த ஹவ்ளின் மேல், சுற்றிலும் சாளரம் வைத்து ஒன்றே ஒன்று கட்டலாம்.

மண்டபத்தை இடிக்கும் தீர்மானத்தை மட்டும், கல் வேலை அறிந்த பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து எழுதித் தரும்வரை ஒத்திவைக்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறோம்.