வரைபடத்தில் இல்லாத சாக்கு

விடிகிற நேரம் நாகர்கோவில் வடசேரி சந்தைப் பக்கம் போயிருக்கிறீர்களா? உள்ளே மட்டி, செவ்வாழை, ஏத்தன் என்று தார் தாராக இறங்கும். வெளியே ரோட்டோரம் சாக்கை விரித்து, நாலு கட்டுக் கீரையும் ஒரு குவியல் மரச்சீனிக்கிழங்குமாக ஒரு ஆச்சி உட்கார்ந்திருப்பாள்.

நெல்லை டவுன் போஸ் மார்க்கெட்டை ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் இடித்துக் கட்டினார்கள். நாகர்கோவிலும் 2019-இல் மாநகராட்சியாகிவிட்டது. நமக்கும் மாடிக்கடை ஆசை வரும். வரட்டும். ஆனால் கட்டிட வரைபடத்தில் கடைக்கு எண் உண்டு, சாக்குக்கு ஏது?

சட்டத்தில் இடம் இருக்கிறது. 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும். அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். 50 வருஷத்துக்கு மேல் தெருவோர வியாபாரம் இயல்பாக நடக்கிற சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவிக்க வேண்டும். அந்த வியாபாரிகளை அங்கிருந்து மாற்றக்கூடாது.

அதனால் உங்கள் ஊரில் இப்படியொரு திட்டம் வந்தால் லிஃப்ட், பார்க்கிங் மட்டும் பார்க்காதீர்கள். சாக்குக்கும் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். தார் சுமக்கிறவரிடமும் வரைபடத்தைக் காட்டுங்கள். படி எவ்வளவு உயரம் என்று அவர்தான் முதலில் கேட்பார்.