பத்தாவது ஆள்

(பங்கின் ஜூபிலி விழாக் கூட்டத்தில் மறைக்கல்வி ஆசிரியர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

கோயில் எழுந்த வரலாற்றை இம்மேடையில் மற்றவர்கள் அழகாக எடுத்துரைத்தார்கள். எங்களுக்குத் தரப்பட்ட பொருள் வேறு. இயேசு பெருமான் ஓய்வுநாள்தோறும் செபக்கூடத்திற்குச் செல்வது அவருடைய வழக்கம் என்று லூக்கா எழுதுகிறார். நாசரேத்தூரில் எசாயாவின் ஏட்டுச்சுருளை அவர் விரித்து வாசித்ததும் அத்தகைய கூடத்தில்தான். அந்தச் செபக்கூடத்தில் வாரந்தோறும் என்ன நடக்கிறது? அதை நடத்துகிறவர்கள் எப்படி வாழ்கிறார்கள்? இதைத்தான் சொல்லும்படி எங்களைக் கேட்டிருக்கிறார்கள்.

இதற்காக நாம் எருசலேம் வரை போக வேண்டியதில்லை. சேலம், கோவை, பாலக்காடு வழியாகக் கொச்சிக்குப் போனால் போதும். அங்கே மட்டாஞ்சேரியில், அரண்மனைச் சுவரை ஒட்டினாற்போல, 1568-இல் கட்டப்பட்ட பரதேசி செபக்கூடம் இன்றும் நிற்கிறது. காலணிகளை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தரை முழுவதும் சீனத்திலிருந்து வந்த நீலவண்ண ஓடுகள். மேலே கண்ணாடிச் சரவிளக்குகள். நடுவில் பித்தளைக் கம்பிகள் சூழ்ந்த வாசக மேடை. எருசலேம் இருக்கும் திசைச் சுவரில், திருச்சட்டச் சுருள்கள் வைக்கப்பட்ட பேழை. சொரூபம் இல்லை, படமும் இல்லை.

கேரளத்து யூதர்கள் நேற்று வந்தவர்களல்லர். ஏறக்குறைய கி.பி. 1000-இல் பாஸ்கர ரவிவர்மன் என்னும் சேர மன்னர் அவர்களுடைய தலைவருக்குச் செப்பேடு வழங்கினார். எழுத்து வட்டெழுத்து. ஜோசப் ரப்பான் என்ற பெயர் அதில் இசுப்பு இரப்பான் என்று நம் நாவுக்கு ஏற்றபடி பொறிக்கப்பட்டிருக்கிறது. பல்லக்கு, குடை முதலிய சிறப்புரிமைகள் 72 என்கிறது அது. நம் சென்னையிலும் யூதர் இருந்தனர். பவழ, வைர வணிகத்துக்காக வந்த அந்த வணிகரை நினைவூட்டும்படி ஜார்ஜ் டவுனில் இன்றும் பவழக்காரத் தெரு இருக்கிறது. எனினும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து செபக்கூடம் எழுப்பியவர்கள் கொச்சி நாட்டார்தாம். மட்டாஞ்சேரியில் மூன்று, எர்ணாகுளத்தில் இரண்டு, பரவூர், சேந்தமங்கலம், மாளா ஆகிய ஊர்களில் ஒவ்வொன்று என எட்டுக் கூடங்கள் அவர்களுக்கு இருந்தன.

இனி அவர்களுடைய வாரத்தைப் பார்ப்போம். அவர்களுக்கு நாள் தொடங்குவது விடியற்காலையில் அன்று. பொழுது சாய்ந்தவுடன் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. ஆகவே வெள்ளிக்கிழமை மாலையே ஓய்வுநாள் வந்துவிடும். அதன்பின் அடுப்பு மூட்டக்கூடாது, காசு தொடக்கூடாது, வண்டி ஏறக்கூடாது, சுமை தூக்கக்கூடாது. எனவே வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் வீட்டில் பரபரப்பு. மறுநாளுக்கும் சேர்த்துச் சமையல் முடியும், வீடு துலக்கப்படும், பிள்ளைகள் குளித்துப் புத்தாடை உடுத்துவார்கள். கதிரவன் மறையுமுன் வீட்டுத்தலைவி விளக்கேற்றுவாள். கொச்சியில் அது தேங்காயெண்ணெய் விளக்கு. செபக்கூடத்திலிருந்து ஆண்கள் திரும்பியதும் குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றிக் கூடும். தலைவன் கிண்ணத்தை எடுத்து இறைவனை வாழ்த்துவான். கொச்சியில் உலர்ந்த திராட்சையை ஊறவைத்துப் பிழிந்த இரசமே அந்தக் கிண்ணத்தில் இருக்கும். பிறகு அப்பம் பிட்கப்படும். கிண்ணமும் அப்பமும் நமக்கு எங்கே அறிமுகமானவை என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை.

சனிக்கிழமை காலையில் மறுபடியும் செபக்கூடம். ஓய்வுநாளில் ஊர் எல்லையைத் தாண்டி இரண்டாயிரம் முழத்துக்கு மேல் நடக்கக்கூடாது என்பது அவர்களுடைய நெறி. அதனால்தான் செபக்கூடத்தைச் சுற்றியே வீடுகள் கட்டிக்கொண்டார்கள். மட்டாஞ்சேரி யூதத்தெரு அப்படி அமைந்த தெருவே.

அன்று நடக்கும் முக்கியமான காரியம் திருச்சட்ட வாசகம். மோசேயின் ஐந்து நூல்களையும் 54 பகுதிகளாகப் பகுத்து, வாரம் ஒன்றாக வாசித்து, ஓராண்டில் முடித்து, அன்றைக்கே மீண்டும் தொடக்க நூலின் முதல் வரியைத் தொடங்குவார்கள். சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. வாசிப்பவர் ஒரு சொல்லைப் பிழையாகச் சொன்னால் கூட்டத்தார் உரக்கத் திருத்துவார்கள். அவர் திரும்பவும் வாசிக்க வேண்டும். ஓய்வுநாள் காலையில் ஏழு பேரையாவது ஒருவர்பின் ஒருவராக வாசகத்துக்கு அழைப்பார்கள். கேரளத்துக் கூடங்களில் மட்டும் ஒரு தனி அமைப்பு உண்டு. நடுமேடை தவிர, மாடியில் பெண்கள் அமரும் பகுதியை ஒட்டி இன்னொரு மேடை இருக்கும். ஓய்வுநாளிலும் திருநாளிலும் சுருளை அங்கே எடுத்துச் சென்று வாசிப்பார்கள்.

வாரத்தில் திங்களும் வியாழனும்கூட வாசகம் உண்டு. ஏன் அந்த நாள்கள்? பழங்காலத்தில் பட்டிக்காட்டார் பட்டணத்துச் சந்தைக்கு வரும் நாள்கள் அவை. மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் ஒருவன் தவிப்பதுபோல, மூன்று நாள் இறைவாக்குக் கேளாமல் மக்கள் இருக்கலாகாது என்றார்கள் அவர்களுடைய பெரியோர். சாமையும் கடுக்காயும் தேனும் கொண்டு மலையிலிருந்து கள்ளக்குறிச்சிப் பக்கத்துச் சந்தைகளுக்கு இறங்கி வந்த நம் முன்னோருக்கு இது எளிதில் விளங்கும். மக்கள் எங்கே கூடுகிறார்களோ, அங்கே வாக்கைக் கொண்டு வைத்தார்கள்.

இப்போது நாங்கள் முக்கியமாகச் சொல்ல வந்த செய்திக்கு வருகிறோம். நமக்குக் குருவானவர் இல்லாமல் திருப்பலி இல்லை. செபக்கூடத்து வழிபாட்டுக்கோ குரு தேவையில்லை. கொச்சி யூதர்களிடையே ரபி என்னும் பட்டம் பெற்ற போதகர் இருந்ததில்லை. கற்றறிந்த மூப்பர்களும், செபம் பாடத் தெரிந்தவர்களுமே எல்லாவற்றையும் நடத்தினார்கள். ஆனால் அவர்களுக்கு இன்றியமையாத ஒன்று உண்டு: பத்துப் பேர். பதின்மூன்று வயது நிறைந்த ஆண்கள் பத்துப் பேர் சேர்ந்தால்தான் அது சபை. இக்கூட்டத்துக்கு மின்யான் என்று பெயர். ஒன்பது பெரிய அறிஞர்கள் வந்திருந்தாலும் அது சபையாகாது. பத்தாவதாக ஒரு மீன் வியாபாரி வந்து நின்றால் சபையாகிவிடும்! பத்துப் பேர் இல்லாவிட்டால் சுருளைப் பொது வாசகத்துக்கு எடுக்க முடியாது. எசாயா கேட்ட வானதூதர்களின் "தூயவர்" என்னும் முப்புகழை, நாமும் திருப்பலியில் பாடுகிற அதே புகழை, அவர்கள் சேர்ந்து சொல்ல முடியாது.

எல்லாவற்றிலும் நெஞ்சைத் தொடுவது இன்னொன்று. தாயையோ தந்தையையோ இழந்தவன் பதினோரு மாதம் நாள்தோறும் ஒரு செபம் சொல்ல வேண்டும். கதீஷ் என்பது அதன் பெயர். அந்தச் செபத்தில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. முழுவதும் இறைவனின் புகழ்ச்சிதான். அதை அவன் தனியே சொல்லலாகாது. பத்துப் பேர் நடுவில்தான் சொல்லவேண்டும். ஆக, ஒருவன் தன் தாய்க்காகச் செபிக்க வேண்டுமானால் மற்ற ஒன்பது பேர் தங்கள் தூக்கத்தையும் வேலையையும் விட்டு வந்தாக வேண்டும். பாடையைத் தூக்க நாலு பேர் வேண்டும் என்கிறோமே, அதுபோலத் துக்கத்தைத் தூக்கவும் ஆள் வேண்டும் என்று அவர்கள் அறிந்திருந்தார்கள். "நான் ஒருவன் வராவிட்டால் என்ன குறைந்துவிடும்?" என்று அங்கே யாரும் கேட்க முடியாது. பக்கத்து வீட்டுக்காரனின் கதீஷ் குறைந்துவிடும்!

அன்பர்களே, இவ்வளவு நல்ல நெறியைக் கைக்கொண்டவர்களிடத்திலும் ஒரு கறை இருந்தது. 1492-இல் ஸ்பெயின் நாட்டிலிருந்து துரத்தப்பட்ட யூதர்களின் வழிவந்தோரும், பிற நாடுகளிலிருந்து வந்தோரும் பரதேசிகள் எனப்பட்டனர். அவர்கள் பழைய மலபார் யூதர்களோடு கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளவில்லை. தங்கள் வீடுகளில் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்களின் மக்களைத் தங்கள் கூடத்துக்குள் சமமாக அமர விடவுமில்லை. அவர்கள் வாசலை ஒட்டிய முன்மண்டபத்தில்தான் உட்கார வேண்டும். வாசகத்துக்கு அவர்கள் அழைக்கப்படுவதில்லை.

அந்தக் குடும்பங்களில் ஒன்றில் 1882-இல் பிறந்தவர் ஏ. பி. சேலம். சென்னையில் பட்டமும் சட்டமும் படித்து வழக்கறிஞரானார். கொச்சி சட்டமன்றத்தில் உறுப்பினராக இருந்தார். தேசிய இயக்கத்தில் ஈடுபட்டார். காந்தியடிகளின் அறவழியைத் தம் சொந்தச் செபக்கூடத்திலேயே கைக்கொண்டார். நாளடைவில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. யூதர்களின் காந்தி என்று மக்கள் அவரை அழைத்தனர். 1967-இல் கொச்சியிலேயே காலமானார்.

மறுபுறம், ஆண்கள் வகுத்த இந்தக் கோட்டைப் பெண்களின் பாட்டு மதிக்கவில்லை. மலையாளத்தில் தாங்கள் பாடிய விவிலியக் கதைப் பாட்டுகளையும் கல்யாணப் பாட்டுகளையும் யூதப் பெண்கள் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துத் தாயிடமிருந்து மகளுக்கு வழங்கினார்கள். பரதேசிப் பெண்களின் நோட்டிலும் மலபார்ப் பெண்களின் நோட்டிலும் ஒரே பாட்டுகள் பல காணப்படுகின்றன. பத்தில் எண்ணப்படாத பெண்கள்தாம் இரு பிரிவையும் பாட்டால் இணைத்து வைத்தார்கள்.

பிறகு நடந்தது என்ன? 1948-இல் இஸ்ரயேல் நாடு உருவானது. அக்காலத்தில் கேரளத்தில் ஏறக்குறைய 2,500 யூதர் இருந்தனர். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. முன்னோர் நாட்டின்மேல் கொண்ட பற்றினாலேயே 1950-களில் மலபார் யூதர்கள் ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனார்கள். மாளாவில் இருந்தவர்கள் 1955-இல் தங்கள் செபக்கூடத்தை ஊர்ப் பஞ்சாயத்திடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். மட்டாஞ்சேரி கடவும்பாகம் கூடத்தின் மரவேலைப்பாடுகள் இன்று எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேந்தமங்கலம், பரவூர்க் கூடங்களும் புதுப்பிக்கப்பட்டு அருங்காட்சியகங்களாகிவிட்டன. போனவர்கள் அங்கே நெகேவ் பாலைவனத்தில் நெவாத்திம் முதலிய ஊர்களில் பயிர் செய்து, கொச்சி இராகத்திலேயே செபம் பாடினார்கள்.

பரதேசி செபக்கூடம் 1968 டிசம்பரில் தன் 400-ஆம் ஆண்டைக் கொண்டாடியது. பிரதமர் இந்திரா காந்தி அம்மையார் நேரில் வந்தார், அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. அதுவும் ஒரு ஜூபிலி விழாவே! ஆனால் இளைஞர்கள் போய்க்கொண்டே இருந்தார்கள். சில பத்தாண்டுகளில் அந்த ஊரிலேயே பத்து ஆண்கள் இல்லை. வெளிநாட்டு யூதப் பயணிகள் வந்து சேர்ந்தால்தான் வழிபாடு. இன்று அத்தெருவில் எஞ்சியிருக்கும் யூதர்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும். சீன ஓடுகள் பளபளக்கின்றன, சரவிளக்குகள் தொங்குகின்றன, பார்க்க வருவோரின் கூட்டத்துக்குக் குறைவில்லை. பத்துப் பேர்தான் இல்லை. தகுதியில்லை என்று ஒரு காலத்தில் தன் மக்களையே வாசலில் உட்காரவைத்த கூடம், பின்னாளில் பத்தாவது ஆளுக்காக அதே வாசலைப் பார்த்துக் காத்திருந்தது.

பங்குப் பெருமக்களே, இதை நாம் பிறர் கதையாகக் கேட்டுவிட்டுப் போகலாகாது. நம் மலைக் கிராமங்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். எல்லா ஞாயிறும் எல்லா ஊருக்கும் குருவானவர் வர இயலாது. மற்ற ஞாயிறுகளில் உபதேசியார் மணி அடித்து, வாசகம் வாசித்து, செபமாலை சொல்லி, சபையைக் கட்டிக் காக்கிறார். மழைக்காலத்தில் பாதை வழுக்கும். காபித் தோட்டத்து வேலைக்காகக் கேரளத்துக்கும் கர்நாடகத்துக்கும் ஆண்கள் போய்விடுவார்கள். ஊரில் கிழவர்களும் பிள்ளைகளும் மட்டும் இருப்பார்கள். அந்த நாளில் வந்து உட்காரும் ஒவ்வொருவரும் பத்தாவது ஆள்தான். நம் சபையில் பெண்களும் எண்ணப்படுகிறார்கள். சொல்லப்போனால் பல ஊர்களில் அவர்கள்தாம் ஒன்று முதல் ஒன்பது வரை!

இன்னொரு கேள்வியையும் நாம் தவிர்க்க முடியாது. நம் வாசலில் யாரை உட்கார வைத்திருக்கிறோம்? சாதிக்கொரு வரிசை, சாதிக்கொரு கல்லறை என்னும் இழிவு நம் தமிழகத் திருச்சபையிலும் இருந்திருக்கிறது. முற்றும் ஒழிந்துவிட்டது என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்ல நம்மால் முடியுமா? மலையிலிருந்து இறங்கி வரும் குடும்பத்துக்குத் திருவிழாவன்று முன்வரிசையில் இடம் தருகிறோமா? வாசகம் வாசிக்க அவர்களுடைய பிள்ளையை அழைக்கிறோமா? ஆள் குறைந்த பின் அழைப்பது பெருமையன்று. ஆள் நிறைந்திருக்கும்போதே அழைப்பதுதான் அழகு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் யூத மக்களை மதிப்போடு நோக்க நமக்குக் கற்பித்தது. 1986 ஏப்ரலில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் உரோமை நகரச் செபக்கூடத்துக்கே சென்று அவர்களை நம் மூத்த சகோதரர் என்று அழைத்தார். மூத்தவர்களிடமிருந்து இளையவர்கள் பாடம் கற்பது முறைதானே?

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் சுவருக்கு வண்ணம் பூசுவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. அத்தோடு ஒவ்வொரு வீடும் ஒரு முடிவு எடுக்கட்டும். வரும் ஞாயிறன்று வராமல் நின்றுவிட்ட ஒருவரை வீடு தேடிப் போய் அழைத்து வருவோம். துக்க வீட்டில் முப்பதாம் நாள் செபத்துக்கு ஆள் குறையாமல் பார்த்துக்கொள்வோம். பாதையிருந்தாலும் இல்லாவிட்டாலும் நம் மலை ஊர்களின் மணி ஒலிக்கும்போது, எண்ணிப் பார்க்க ஆட்கள் இருக்கட்டும்.

 ஜூபிலி காணும் நம் பங்கை இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.