பற்பட்டையை மாற்றிய பின்

மோட்டார் வண்டியின் எஞ்சினைத் தாமே பிரித்துப் பூட்ட வேண்டும் என்னும் ஆர்வம் மாணவர்கள் பலரிடம் உண்டு. நல்ல ஆர்வந்தான். ஆனால் பூட்டி முடித்த எஞ்சின் முன்போல ஓடாவிட்டால் என்ன செய்வது? டைமிங் பெல்ட் எனப்படும் பற்பட்டையை வீட்டிலேயே மாற்றிய பிறகு தோன்றும் கோளாறுகளைப் பற்றி இன்று பேச எண்ணுகிறேன்.

அப்பட்டையின் வேலை யாது? பிஸ்டன்கள் மேலும் கீழும் சென்று கிராங்க் தண்டைச் சுழற்றுகின்றன. சிலிண்டரின் வாயில்களாகிய வால்வுகளைத் திறப்பது காம் தண்டு. இவ்விரு தண்டுகளையும் இணைத்து ஓடுவதே பட்டை. உறிஞ்சல், அழுத்தல், எரிதல், வெளியேற்றல் என்ற நான்கும் நிகழ்வதற்குள் கிராங்க் தண்டு இருமுறை சுற்றுகிறது. காம் தண்டோ ஒருமுறையே சுற்ற வேண்டும். ஆகவே காம் சக்கரத்தில் பற்கள் இரு மடங்கு இருக்கும். கிராங்க் சக்கரத்தில் 20 பற்கள் என்று கொள்வோம். பட்டை ஒரு பல் தவறி அமர்ந்தால் அச்சுழற்சியில் 18 பாகை பிழை. நிமிடத்திற்கு 3000 சுற்று ஓடும்போது அது ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அவ்வளவு சிறிய காலப் பிழையே எஞ்சினின் வலுவைக் குறைத்துவிடப் போதும்.

எங்கள் அண்டை வீட்டார் வண்டி ஓட்டக் கற்பித்துப் பிழைப்பவர். அவருக்கிருந்தது ஒரே வண்டி. 1983 இறுதி முதல் 2014 தொடக்கம் வரை உற்பத்தியான மாருதி 800 வகையில் பழையதொன்று. அது நின்றால் அன்றைய வருமானமும் நின்றது. கல்லூரியில் பயிலும் அவர் மகன் ஒரு விடுமுறையில் பட்டையை மாற்றினான். எஞ்சின் கிளம்பியது, ஆனால் நடுங்கியது, மேடு ஏற மறுத்தது.

“கார்புரேட்டரைக் கழற்றிப் பார்க்கட்டுமா, மாமா?” என்று கேட்டான்.

“பட்டையை மாற்றும் முன்பு அது ஒழுங்காகத்தானே இருந்தது, தம்பி? உன் கை பட்ட இடத்தை முதலில் பார்ப்போம்” என்றேன்.

சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்க வேண்டாம் என்றும் தடுத்தேன். இதைச் சற்று அழுத்தியே சொல்ல வேண்டும். சிலவகை எஞ்சின்களில் திறந்த வால்வும் மேலேறும் பிஸ்டனும் ஒரே இடத்தை வெவ்வேறு நேரத்தில் பயன்படுத்துகின்றன. நேரம் மிகவும் தவறினால் இரண்டும் மோதும், வால்வு வளையும். ஸ்டார்ட்டர் மோட்டாருக்குக் கண்ணில்லை. மோதுவதை அறியாமல் அது சுழற்றிக்கொண்டே இருக்கும். மனிதக் கையோ தடையை உணரும்.

ஆகையால் பேட்டரிக் கம்பியைக் கழற்றி, ஸ்பார்க் பிளக்குகளை எடுத்துவிட்டு, கிராங்க் தண்டின் போல்ட்டில் ஸ்பானரை மாட்டி, எஞ்சின் வழக்கமாகச் சுழலும் திசையிலேயே மெல்லத் திருப்பினோம். திடமாக ஏதேனும் தடுத்தால் அக்கணமே நிறுத்த வேண்டும். இரண்டு முழுச் சுற்று அவசியம். ஒரே சுற்றில் கிராங்க் குறி தன் இடத்திற்கு வந்துவிடும். காம் குறி அப்போது எதிர்ப்புறம் நிற்கும். அதைக் கண்டு பட்டையைத் தவறாகப் பூட்டிவிட்டோமெனக் கலங்கிக் கழற்றுவோர் உண்டு. வெளிக்கப்பியிலுள்ள தீப்பொறிக் குறியையே பட்டைக்குரிய குறியென மயங்குவோரும் உண்டு. அந்தந்த வண்டிக்குரிய கையேட்டின் படம் இங்கே நூறு நண்பர்களின் யோசனைக்கு மேல்.

இரு சுற்றுக்குப் பின் காம் குறி ஒரு பல் பின்தங்கி நின்றது. பூட்டும்போது இரு குறிகளும் நேராகவே இருந்தனவாம்! அவன் சொன்னது மெய்யே. பட்டையில் கிராங்க் சக்கரம் இழுக்கும் பக்கம் விறைப்பாக இருக்க வேண்டும். தளர்ச்சி முழுவதும் டென்ஷனர் என்னும் இறுக்குருளையின் பக்கம் சேர வேண்டும். இங்கே இழுக்கும் பக்கத்தில் தளர்ச்சி தங்கிவிட்டது. தண்டு சுழன்றதும் முதலில் அத்தளர்ச்சி தீர்ந்தது. பிறகே காம் சக்கரம் நகர்ந்தது. அதனால் உறிஞ்சும் வால்வு தாமதமாக மூடியது. உள்ளே வந்த காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையில் ஒரு பகுதி வெளியே தள்ளப்பட்டது.

வால்வு வளைந்திருக்குமோ என்று தந்தையார் அஞ்சினார். பழுது பார்க்கும் செலவு அவருக்குத் தாங்காது. அழுத்தமானியைப் பொருத்திச் சோதிப்பதற்காக மட்டும் பேட்டரியை இணைத்தோம். பல நாழிகை கைச்சுழற்றலில் தடை ஏதும் காணாததால் துணிந்தோம். மூன்று சிலிண்டர்களிலும் அழுத்தம் ஏறத்தாழ ஒரே அளவாகக் குறைந்திருந்தது. அது நல்ல செய்தி. எல்லாவற்றிலும் ஒன்றுபோலக் குறைவதற்கு நேரப் பிழை காரணமாகலாம். ஒன்றில் மட்டும் மிகவும் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் வால்வையே முதலில் ஐயுற வேண்டும். அப்போது எஞ்சினின் தலையைத் திறக்க நேரிடும். அது முற்றத்தில் செய்யும் வேலையன்று.

பட்டையை எடுத்து, இழுக்கும் பக்கத்தை விறைப்பாக வைத்துப் பூட்டி, உருளையை இறுக்கி, மீண்டும் இருமுறை கையால் சுழற்றினோம். குறிகள் பொருந்தின. எஞ்சின் நடுக்கமின்றி ஓடியது. ஆனால் மெல்லிய ஊளை ஒன்று கேட்டது. பட்டை மிகையாக இறுகியிருந்தால் அவ்வாறு ஒலிக்கும். இறுக்கத்தைக் கையேட்டின் அளவிற்குக் குறைத்தோம். பிறகு கிராங்க் தண்டின் முன்புற எண்ணெய்ச் சீலைத் துடைத்துப் பார்த்தான் பையன். கசிவு இல்லை, இருந்திருந்தால் எண்ணெய் ஊறிய புதுப் பட்டையையும் மாற்றியிருக்க வேண்டும்.