பட்டினியால் மெலிந்த குழந்தைக்கு முதல் உணவு

(நமது ஜமாஅத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மருத்துவ விளக்கக் கூட்டத்தில் குழந்தைநல மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)





பசித்தவருக்கு உணவளிப்பதன் சிறப்பை இப்பள்ளியில் நீங்கள் பலமுறை கேட்டிருக்கின்றீர்கள். அதை மீண்டும் எடுத்துரைக்க நான் வரவில்லை. பல வாரங்கள் சரிவர உண்ணாமல் எலும்பும் தோலுமாகிவிட்ட ஒரு குழந்தைக்கு, திடீரென்று வயிறு நிறைய ஊட்டினால் அதன் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதைச் சொல்லவே வந்துள்ளேன். மருத்துவர்கள் இதனை ‘ரீஃபீடிங் சிண்ட்ரோம்’ என்பர். மறு உணவூட்டல் கோளாறு என்று நாம் சொல்லலாம்.

இது நேற்றுக் கண்ட செய்தியன்று. கி.பி. 70இல் ரோமானியர் ஜெரூசலம் நகரை முற்றுகையிட்டபோது, பட்டினியிலிருந்து தப்பி வெளியேறி, கிடைத்ததை அள்ளி உண்டவர்கள் மாண்டதை வரலாற்றாசிரியர் ஜோசபஸ் எழுதிவைத்துள்ளார். 1945 ஏப்ரலில் ஜெர்மனியின் பெர்கன்-பெல்சன் வதைமுகாமை விடுவித்த பிரிட்டிஷ் படையினர், இரக்கம் மேலிட்டுத் தங்கள் கொழுப்பு மிக்க உணவை அங்கிருந்தோருக்குக் கொடுத்தனர். அதனைத் தாங்கமாட்டாமல் இறந்தோரும் உண்டு.

இது எவ்வாறு நேர்கிறது? உணவின்றிக் கிடக்கும் உடல், தன் கொழுப்பையும் தசையையும் எரித்தே காலம் தள்ளுகிறது. இன்சுலின் சுரப்பு தாழ்ந்துவிடுகிறது. அந்நாட்களில் உயிரணுக்களுக்குள் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவை சிறுகச் சிறுகக் குறைந்துபோகின்றன. ஆயினும் இரத்தத்தைச் சோதித்தால் அளவு பல வேளைகளில் சரியாகவே இருக்கும். ஏமாறும் இடம் இதுதான். மாவும் சர்க்கரையுமாக உணவு உள்ளே சென்றதும் இன்சுலின் உயர்கிறது. இரத்தத்தில் எஞ்சியிருந்தவற்றையும் அது உயிரணுக்களுக்குள் தள்ளிவிடுகிறது. இரத்தத்தில் பாஸ்பேட் சரிந்தால் தசைகள் இயங்குவதற்கான ஆற்றலை உடலால் உண்டாக்க இயலாது. மூச்சிழுக்க உதவும் உதரவிதானம் சோர்கிறது. இதயத்துடிப்பு தாறுமாறாகிறது. சர்க்கரையைப் பயன்படுத்தத் தேவையான தயமின் என்னும் பி1 வைட்டமினும் தீர்ந்துபோகிறது. உப்பும் நீரும் உடலில் தேங்க, ஏற்கெனவே மெலிந்த இதயம் அச்சுமையைத் தாங்காமல் போகிறது. பெரும்பாலும் உணவு தொடங்கிய முதல் ஐந்து நாட்களுக்குள் இவை நிகழ்கின்றன.

இது பஞ்ச நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதென்று எண்ணிவிடாதீர்கள். நெடுநாள் வயிற்றுப்போக்கு, காசநோய், பிறவி இதயநோய், புற்றுநோய் ஆகியவற்றால் நலிந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் பிள்ளைக்கும் நேரலாம். குழாய் வழியே பால் ஊட்டினாலும், இரத்தக்குழாய் வழியே சத்து ஏற்றினாலும் நேரலாம். ஆகவேதான் மருத்துவர்கள் குறைவாகத் தொடங்கி, தயமின் கொடுத்து, திரும்பத் திரும்ப இரத்தம் எடுத்துச் சோதித்து, குறைவதை ஈடுசெய்துகொண்டே அளவைக் கூட்டுகின்றனர்.

(நோன்பு வைப்பதால் இது வருமா என்று சில சகோதரர்கள் கேட்பதுண்டு. வராது. பகலெல்லாம் நோன்பிருந்து மாலையில் கஞ்சி அருந்தும் நலமான உடலின் நிலை வேறு; வாரக்கணக்கில் தேய்ந்த உடலின் நிலை வேறு.)

கடுமையாக மெலிந்த குழந்தைகளுக்கென உலக சுகாதார நிறுவனம் 1999இல் ஒரு கையேடு வெளியிட்டது. முதற்கட்டத்தில் ‘எஃப்-75’ என்னும் பால் கலவை; 100 மில்லியில் 75 கிலோகலோரி மட்டுமே. ஆறு கிலோ எடையுள்ள குழந்தைக்கு, வீக்கம் இல்லையெனில், இரண்டு மணிக்கொரு முறை 65 மில்லி. இரவிலும் எழுப்பிக் கொடுக்கவேண்டும். விட்டுவிட்டால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து அதுவே உயிரைப் பறித்துவிடும். பசி திரும்பி, வீக்கம் வடியத் தொடங்கிய பிறகே செறிவான உணவு. இரும்புச்சத்து மருந்துகூட முதற்கட்டத்தில் இல்லை. ஆனால் தாய்ப்பாலை நிறுத்தலாகாது.

டாக்காவில் உள்ள பன்னாட்டு வயிற்றுப்போக்கு நோய் ஆய்வு மையத்தின் மருத்துவமனையில், இத்தகைய பிள்ளைகளுக்கு வரையறுத்த ஒரே சிகிச்சை முறையைக் கடைப்பிடித்தனர். நூற்றுக்கு 17ஆக இருந்த இறப்பு 9ஆகக் குறைந்ததென்று 1999இல் ‘லான்செட்’ இதழில் வெளியாயிற்று. அது உணவின் அளவால் மட்டும் விளைந்ததன்று. நீரிழப்பை நிதானமாக ஈடுசெய்தது, நோய்த்தொற்றுக்கு மருந்து, தாது உப்புகள் எல்லாம் சேர்ந்ததே. ஆயினும் விலையுயர்ந்த கருவி எதுவும் அதில் இல்லை. அங்கே கொடுக்கும் உணவுதான் எத்தனை எளியது! பால், அரிசி மாவு, சர்க்கரை, எண்ணெய் கலந்த ‘மில்க் சுஜி’. தேறிய பின் பருப்பும் காயும் சேர்ந்த கிச்சடி, ஹல்வா.

நமது வார்டுகளிலோ, 65 மில்லிப் பாலைக் கண்டதும் பாட்டிமாருக்கு மனம் பொறுப்பதில்லை. நர்ஸ் அப்பால் சென்றதும் முந்தானைக்குள் மறைத்து வைத்த சோற்றைப் பிசைந்து ஊட்டுகின்றனர். ‘டாக்டர் பிள்ளையைப் பட்டினி போடுகிறார்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் தூக்கிச் செல்வோரும் உண்டு. அன்பினால் செய்கின்றனர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்த உடல் அன்பின் அளவுக்கு ஆயத்தமாக இல்லை.

தாய்மார்களே! ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தாலோ, இரு பாதங்களும் வீங்கி, அழுத்தினால் குழி விழுந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வீங்கிய கால்களைக் கண்டு சதை பிடிக்கிறதென்று மகிழ்ந்துவிடாதீர்கள். பசி நன்றாக இருந்து, வேறு தொல்லை இல்லாத பிள்ளைக்கு மருத்துவர் வீட்டிலேயே சிகிச்சை தரவும் கூடும். அதை அவரே முடிவு செய்யட்டும். உணவூட்டத் தொடங்கிய முதல் வாரத்தில் மூச்சு வாங்கினாலோ, புதிதாக வீக்கம் கண்டாலோ, பிள்ளை துவண்டு கிடந்தாலோ, வலிப்பு வந்தாலோ, நள்ளிரவு ஆயினும் தயங்காமல் நர்ஸை எழுப்புங்கள். மறைத்து எதையேனும் ஊட்டியிருந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.