கார் பெருமையா, சுமையா?

நடுவர் அவர்களே! கார் வாங்கினா பெருமைன்னு எதிரணி நண்பர் சொன்னார். எங்க திருநெல்வேலிக்கு வந்து பாருங்க. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணி ஊருக்குள்ளேயே வந்துட்டா! பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் காரில் ஸ்டியரிங் வரைக்கும் தண்ணீர். “இன்ஷூரன்ஸ்தான் மூணு வருஷத்துக்கு இருக்கே!”ன்னார். இருக்கு, எதிரே வர்றவருக்கு! (சிரிப்பு)

2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு 3 வருஷம் கட்டாயம் என்றது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டும்தான். நம்ம வண்டிக்கான காப்பீட்டை அண்ணாச்சி எடுத்தது 1 வருஷத்துக்கு, அதைப் புதுப்பிக்கலை. காரைத் தண்ணி கொண்டுபோச்சு, வங்கித் தவணையைக் கொண்டுபோகலையே! (கைதட்டல்)

திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்ட மறக்காத நாம, பாலிசித் தேதியை மறக்கலாமா? கடன் தீரும்வரை கார் சுமையே!