இதயத்துக்கு இடும் மின்னடியும் செங்குழியங்களும்

மனித இதயத்தின் மேலறைகள் இரண்டையும் சோணையறைகள் என்பர். அவை ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விடுத்து, காற்றில் அரசிலை நடுங்குவதுபோல வெறுமனே நடுங்கும் நிலையொன்று உண்டு. சோணை நடுக்கம் என்பது அதன் பெயர். இந்நோயுற்றோருட் சிலர் படபடப்பினால் அல்லலுறுவர். சிலர் யாதொன்றும் உணரார். ஆனால் நடுங்கும் அறையிலே தேங்கும் குருதி உறைந்து கட்டியாகி, மூளைக்குச் சென்று அடைத்துப் பாரிசவாதத்தை விளைவித்தல் கூடும்.

இந்நடுக்கம் எங்கிருந்து பிறக்கின்றது? 1998 ஆம் ஆண்டிலே, பிரான்சு தேசத்துப் போர்டோ நகரில், மிசேல் ஐசாகேர் என்னும் மருத்துவரும் அவருடைய துணைவரும் இதற்கு விடை கண்டனர். 45 நோயாளரிடம் அவர்கள் கண்டறிந்த 69 ஊற்றிடங்களில் 65, நுரையீரலிலிருந்து இதயத்துக்குக் குருதியைக் கொணரும் நாளங்களினுள்ளே இருந்தன. அந்நாள் முதல் சிகிச்சையின் நோக்கம் தெளிவாயிற்று. தொடையிலுள்ள நாளத்தின் வழியே கதீற்றர் எனப்படும் மெல்லிய குழாயை இதயத்துக்குச் செலுத்தி, அந்நாளங்களின் வாயைச் சுற்றியுள்ள தசையைச் செயலிழக்கச் செய்தால், அங்கே பிறக்கும் தீய மின்துடிப்பு அறைக்குள் வர வழியில்லை.

முதலில் இதனை வெப்பத்தாலும், பின்னர்க் கடுங்குளிராலும் செய்தனர். இரண்டும் பயன்றந்தன, இன்றும் வழக்கிலுள்ளன. ஆயினும் வெப்பமும் குளிரும் வேலி அறியாதவை. இதயத்தின் பின்புறத்தை ஒட்டி உணவு செல்லும் களம் கிடக்கின்றது. அருகே பிரிமென்றகட்டை இயக்கும் நரம்பு ஓடுகின்றது. இதயத்தைச் சுடப் போய்க் களத்தைச் சுட்டு, அதனால் உயிரிழந்தோரும் உளர்.

இவ்வச்சத்தைப் பெரிதும் நீக்கிய புதுமுறை, 2021 ஆம் ஆண்டில் ஐரோப்பாவிலும் 2023 இன் இறுதியில் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது. இதனை மின்புலத் துடிப்பு முறை எனலாம். ஏறக்குறைய 2000 உவோற்று அழுத்தமுள்ள மின்துடிப்புகள், ஒரு செக்கனின் பத்து இலட்சத்திற் சில பங்கு நேரமே நீடிப்பவையாய், அடுக்கடுக்காகப் பாய்ச்சப்படுகின்றன. அவை தசையை எரிப்பதுமில்லை, உறைய வைப்பதுமில்லை. கலத்தைச் சூழ்ந்துள்ள மென்சவ்விலே நுண்ணிய துளைகளைத் திறந்துவிடுகின்றன. துளைபட்ட கலம் மடிகின்றது. இதயத் தசைக்கலம் இதற்கு எளிதில் ஆட்படும். நரம்பும் களமும் அத்துணை எளிதில் ஆட்படா.

ஆனால் இதயத்துள்ளே தசை மாத்திரமா இருக்கின்றது? குருதி நிறைந்து ஓடுகின்றதன்றோ! கதீற்றரின் மின்வாய்கள் ஒரு புறம் தசையைத் தொடும். மறுபுறம் குருதியில் மூழ்கியிருக்கும். செங்குழியம் இதயத் தசையினும் வலிய மின்புலத்தைத் தாங்கவல்லதே. எனினும் மின்வாயை ஒட்டிய இடத்திலே புலத்தின் வலிமை மிகப் பெரிது. அவ்விடத்தைக் கடக்கும் செங்குழியங்கள் துளைபட்டு வெடித்து, தம்முள் அடைத்துவைத்திருந்த ஈமோகுளோபினைக் கொட்டிவிடுகின்றன. கருவற்ற கலமாதலின், செங்குழியம் புதிய புரதங்களை ஆக்கித் தன்னைப் புதுப்பிக்கவும் வல்லதன்று.

இது புதிதாகக் கண்ட உண்மையுமன்று. வலிய மின்புலம் செங்குழியத்தைச் சிதைக்கும் என்பதைச் சேல், ஹமில்ரன் என்னும் ஆய்வாளர் இருவர் 1968 ஆம் ஆண்டிலேயே எழுதி வெளியிட்டனர். அச்செய்தி இதய மருத்துவரிடையே பரவலாகப் பேசப்பட்டதோ, சிகிச்சை பெற்ற சிலருடைய சிறுநீர் செந்நிறமாகக் கண்ட பின்னரே.

சிறுநீர் ஏன் சிவக்கின்றது? குருதியில் தனித்து அலையும் ஈமோகுளோபினைப் பற்றிக்கொண்டு அகற்றுதற்கு அப்ரோகுளோபின் என்னும் புரதம் உடலில் உண்டு. சிறிதளவாயின் அது சமாளித்துவிடும். அளவு மிகின், எஞ்சிய ஈமோகுளோபின் சிறுநீரகத்தின் வழியே வடிகின்றது. அங்குள்ள நுண்குழாய்களை அடைக்கின்றது. அவற்றின் கலங்களை நஞ்சுபோல் வருத்துகின்றது. குருதிக் குழாய்களைச் சுருங்கவும் செய்கின்றது.

2024 ஆம் ஆண்டில் வெளிவந்த பெரியதோர் ஆய்வு, 106 மருத்துவ நிலையங்களில் இம்முறையாற் சிகிச்சை பெற்ற 17,642 பேரைப் பற்றிக் கூறுகின்றது. களத்துக்கு ஊறு நேர்ந்தவர் அவர்களுள் ஒருவரேனும் இலர். ஆனால் செங்குழியச் சிதைவினாற் சிறுநீரகம் செயலிழந்து, பொறியினாற் குருதியைச் சுத்திகரிக்க வேண்டிய நிலையை ஐவர் அடைந்தனர். ஐவர் என்பது சிறு தொகையே. ஆயினும் அவ்வைவரும் இதய நோய்க்கு மருந்து தேடிச் சென்றோர். சிறுநீரக நோயைத் தேடிச் சென்றவரல்லர்.

அவர்களுக்கு இடப்பட்ட மின்னடிகளின் தொகை கவனிக்கத்தக்கது. மலரிதழ்போல் விரியும் ஐந்து கம்பிகளையுடைய கதீற்றரைக் கொண்டு, நாளம் ஒன்றுக்கு எட்டாக, நான்கு நாளங்களுக்கும் 32 முறை மின்னடி இடுதல் வழக்கம். அவ்வைவரோ நூற்றுக்கு மேற்பட்ட அடிகளைப் பெற்றவர். நாளங்களோடு நில்லாது அறையின் பின்சுவரையும் பிற இடங்களையும் செயலிழக்கச் செய்ய முற்படும்போது தொகை இவ்வாறு பெருகுகின்றது. களத்துக்குத் தீங்கில்லை என்ற துணிவு, ‘இன்னும் ஓர் அடி இட்டாலென்ன?’ என்று எண்ணச் செய்வது இயல்பே.

அடியின் தொகையைப் போலவே, மின்வாய் தசையோடு பொருந்தும் விதமும் முக்கியமானது. தசையைத் தொடாது குருதியில் மிதக்கும் மின்வாயினாற் சிகிச்சைக்குப் பயன் குறைவு. செங்குழியங்களுக்கோ கேடு மிகுதி. எல்லாக் கருவிகளும் ஒரே அளவிற் குருதியைச் சிதைப்பனவுமல்ல. துடிப்பின் வடிவமும் கதீற்றரின் அமைப்பும் வேறுபட, சிதைவும் வேறுபடுகின்றது.

ஆதலால், இட்ட அடிகளை மருத்துவர் எண்ணிக் கணக்கிட்டு வருகின்றனர். அடிகள் மிகுந்தவிடத்து, நாளத்தின் வழியே உப்புநீர் ஏற்றிச் சிறுநீரைப் பெருகச் செய்கின்றனர். ஈமோகுளோபின் நுண்குழாய்களில் தங்காது கழுவுண்டு போதற்கு இது உதவுகின்றது. இதயம் மிகத் தளர்ந்தோருக்கு நீரை இவ்வாறு தாராளமாக ஏற்றுதல் இயலாது. சிறுநீரகம் முன்னரே பழுதுற்றவர் அதனைச் சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடல் வேண்டும்; அவர்கள் பொருட்டு வெப்ப முறையைத் தெரிந்துகொள்வதும் உண்டு. சிகிச்சையின் பின் சிறுநீர் சிவந்தோ கருந்தேநீர் நிறமாகவோ கண்டால், பெரும்பாலும் ஓரிரு நாளில் அது தெளிந்துவிடும். ஆயினும், தாதியரிடம் அதனை அப்பொழுதே காட்டிவிடுதல் வேண்டும்.